ஆறு நாள் பிசகு

"நேராத்தான் இருக்கு அண்ணி. அடிஸ்கேல் வச்சு—"

"இல்லவே இல்ல. வயிறு இன்னும்—"

"—வச்சுக் கிழிச்ச மாதிரி நேரா இருக்குங்கறேன்!"

"வயிறு தள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் ஆறு நாள் ஆகும்."

"ஆறு நாளா? அதென்ன கணக்கா ஆறு? வெள்ளி உங்க காதுல வந்து சொல்லிட்டுப் போச்சா?"

"இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"நான் மட்டும் என்ன, நீங்க பாத்து முடிச்ச மிச்சத்தையா பாத்தேன்? நானும் அதே இருபத்திரண்டு வருஷந்தான்."

மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி. ஊருக்கு மேற்கே காய்ந்து கிடக்கும் உப்புவெளிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. என் வீட்டு முற்றத்தில், மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய தொலைநோக்கிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒலெபிலே. நடுவில் ஒரு முக்காலி. முக்காலிமேல் இரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் அச்சடித்த வட்டம். அவள் வட்டத்தில் வெள்ளி சரிபாதி, பிட்ட மாத்திரை போல. என் வட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஒலெபிலே என் கணவரின் தங்கை. எனக்கு எழுபத்து மூன்று, அவளுக்கு அறுபத்தெட்டு. இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. அவள் வீடு ஊர்க் கிணற்றுத் தொட்டிக்கு அப்பால், நடந்தால் இருநூறு அடி.

"சரி விடுங்க. ரெண்டு அட்டையையும் அப்படியே அனுப்புவோம். சண்டையை அந்த மனுஷன் தீத்து வைக்கட்டும்" என்றாள்.

"அனுப்பு."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். கூழ் இருக்கு, சாப்பிட்டுப் போ."

எங்கள் ஊரில் அந்திவெள்ளிக்கு 'ராச்சாப்பாடு கேட்கிறவள்' என்று பெயர். அவள் மேற்கே தலைகாட்டினால் அடுப்பில் பானை ஏறும். ஊருக்கு அவள் அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளியும் நிலாவைப் போலத் தேயும், வளரும். மாலையில் வருகிற காலத்தில் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே இளைப்பாள். ஒருநாள், ஒரே ஒருநாள், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலுள்ள கோடு வளைவே இல்லாமல் நேராக நிற்கும். அந்த நாள் எது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. இருட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை, வெறும் தீப்பந்தமாக இருக்கும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே கண்ணை வைக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதியாகும் நாளைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். எல்லைக்குத் தெற்கே கிம்பர்லி நகரத்திலிருந்து ஸ்டேன்கம்ப் என்பவர் வருடாவருடம் அனுப்புகிற சின்னப் புத்தகத்தில் அந்தத் தேதி அச்சிலேயே இருக்கும். ஆனால் மனிதக் கண் அந்தத் தேதியோடு ஒத்துப்போவதில்லை. மாலையில் கண் முந்திக்கொள்ளும், ஐந்தாறு நாள். விடியலில் பிந்திக்கொள்ளும், அதேபோல ஐந்தாறு நாள். அந்தக் கோளின் கனத்த காற்று விளிம்பு வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது என்று என் கணவர் கெரெங் சொல்வார். ஸ்டேன்கம்ப்புக்குக் கணக்கு வேண்டியதில்லை, அது அவரிடமே இருக்கிறது. அவர் சேர்ப்பது எங்கள் கண்களின் பிசகை. தெற்கே எத்தனையோ ஊர்களிலிருந்து அவருக்குப் பிசகுகள் தபாலில் போகின்றன.

அன்றைக்கு ஒலெபிலே சொன்னதுதான் சரி. கோடு நேராகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் வெள்ளியைப் பார்த்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் கண்ணில் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது. ஓரங்கள் இருக்கின்றன. நடக்கிறேன், சமைக்கிறேன், ஆட்டை எண்ணுகிறேன். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லாமல் போகிறது. ஆளைப் பார்த்தால் போர்வை தெரியும், கால் தெரியும், முகம் இருக்கிற இடத்தில் சாம்பல். பிரான்சிஸ்டவுன் நகரத்தில் கண் டாக்டர், "இதுக்கு ஆபரேஷன் கிடையாதும்மா, இனிமே இப்படித்தான்" என்றார். ஊருக்குத் திரும்பி வந்து, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், ஒலெபிலே போய்விடுவாள்.

ஸ்டேன்கம்ப்பின் விதி அப்படி. ஓர் இடத்திலிருந்து இரண்டு பேர், ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியாக வரைந்தால்தான் அது கணக்கில் சேரும். இரண்டு தேதிக்கும் நடுவிலுள்ள நாளை அந்த இடத்தின் நாளாக அவர் எழுதிக்கொள்வார். ஒற்றை ஆளின் அட்டையைத் தொடமாட்டார். கெரெங் தொடங்கிய எங்கள் இடம் அவர் பட்டியலில் இன்னும் கெரெங் பேரில்தான் இருக்கிறது. ஒலெபிலேயின் மகள் பொனோலோ பிரான்சிஸ்டவுனிலிருந்து வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவாள். "அம்மா, இங்க வந்துடு. பிள்ளைங்களைப் பாத்துக்க ஆளில்ல." ஒலெபிலே ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "நான் வந்துட்டா உன் மாமா பேர்ல இருக்கறதை மூடிடுவாங்க. ரெண்டு பேர் வேணும்டி."

அந்த இரண்டாவது ஆள் நான். என் அட்டை இருக்கிறவரை அவள் அந்திக்கு வருவாள், விடியலுக்கு வருவாள், கூழ் குடிப்பாள், சண்டை போடுவாள். என் மகன் தலைநகர் கபரோனில் இருக்கிறான். மாதம் ஒருமுறை அவன் குரல் வரும். ஒலெபிலே வராவிட்டால் என் படலைத் தள்ளிக்கொண்டு வருவது ஆடுகள் மட்டும்தான்.

ஆகவே வரைந்தேன். தொலைநோக்கியில் கண்ணை வைப்பேன். மோரில் கரைத்த வெளிச்சம் போல ஏதோ தெரியும். அப்புறம் கையை அதன் போக்கில் விடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கைக்கு வளைவு தெரியும். புத்தகத்துத் தேதி மட்டும் வேண்டும். தேதி எனக்கு மனப்பாடம்.

ஜூன் நான்காம் தேதி மாலை, தீப்பெட்டியின் ஓரத்தை வட்டத்தின்மேல் வைத்து, பென்சிலால் ஒரே இழுப்பு. அட்டையைக் கவிழ்த்தேன். அவளும் கவிழ்த்தாள். பிறகு திருப்பினோம்.

"இன்னிக்கு" என்றேன்.

"என்ன இன்னிக்கு?"

"நேராயிடுச்சு."

"சந்தோஷம். எனக்கு உள்பக்கமா குழிய ஆரம்பிச்சாச்சு. தர்பூசணிக் கீத்தைக் கொழந்த ஒரு கடி கடிச்ச மாதிரி."

"உன் கண்ணு அவசரக் கண்ணு."

"இருக்கட்டும். உங்க கண்ணு ரொம்ப ஒழுக்கமான கண்ணு அண்ணி. சொன்ன நாளுக்குத்தான் தெறக்குது."

சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. அவள் இருக்கும் திசையிலிருந்து சத்தம் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் பதில் வந்தது. கடையில்தான் எங்கள் ஊர்த் தபால் பெட்டி. ஒலெபிலே உறையை எடுத்துக்கொண்டு வந்து, வெயில் விழுகிற சுவரோரமாக என்னருகில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம், இன்னும் விடவில்லை. ஒரே போர்வையை இருவர் காலிலும் போட்டுக்கொண்டோம்.

"'அன்புள்ள திருமதி செகமெட்சி, அன்புள்ள திருமதி ஒலெபிலே.' பாருங்க, மொதல்ல உங்க பேரு. பெரிய மனுஷி."

"படி."

"'உங்கள் அட்டைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. கிம்பர்லியில் இந்த வருடம் குழாய்த் தண்ணீர்கூட உறைந்துவிட்டது. என் நாய் இறந்துவிட்டது.'"

"அடப்பாவமே. எந்த நாய்?"

"எழுதலையே. ஒரே நாய்தானோ என்னமோ."

"சரி, அப்புறம்?"

"'வெள்ளி பாதியான நாள்: திருமதி ஒலெபிலே, மே இருபத்தொன்பது. திருமதி செகமெட்சி, ஜூன் நான்கு.'"

அங்கே படிப்பதை நிறுத்தினாள். தாள் புரண்டது. எதிர்வீட்டுக் கழுதை ஒருமுறை கத்தி ஓய்ந்தது.

"என்னடி ஆச்சு?"

"வாழ்த்து."

"வாழ்த்தா?"

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கன்னு எழுதிருக்காரு."

"ரெண்டாவது பக்கம் பூராவும் வாழ்த்தா?"

"வெள்ளைக்காரர் அண்ணி. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது."

தாளை மடித்தாள். உறைக்குள் போடவில்லை. என் உள்ளங்கையை இழுத்து அதில் வைத்து, விரல்களை மூடினாள்.

"நீங்களே வச்சுக்கோங்க. சாவகாசமா படிச்சுப் பாருங்க."

மறுநாள் காலை நல்ல வெயிலில் அந்தத் தாளை விரித்தேன். நேராகப் பார்த்தேன். சாம்பல். பக்கவாட்டில் பிடித்துக் கண்ணை ஓரமாக ஓட்டினேன். வரிகள் இருப்பது தெரிந்தது. மழைக்கு முன் உழுத நிலம்போல வரிவரியாக இருந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். கடைக்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஊருக்குத் தெரியும், பாதிரியாரிடம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை தெரியும். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

அன்று மாலை ஒலெபிலே வந்தாள். வெள்ளி அப்போது மெல்லிய கீற்றாகிவிட்டது, மேற்கே இறங்கிக்கொண்டே போனது. அவள் வரைந்தாள், நான் வரைந்தேன். கீற்று வரைவது எளிது.

"கடுதாசி படிச்சீங்களா?" என்றாள், பென்சிலைச் சீவிக்கொண்டே.

"படிச்சேன்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"என்ன தோணுது உங்களுக்கு?"

கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுச் சொன்னேன்:

"பாவம், அந்த நாய்."

பென்சில் சீவுகிற சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது.

"ஆமா" என்றாள். "பாவம்."

அதற்கடுத்த வாரம் வந்து, பிரான்சிஸ்டவுனுக்குப் போகிறேன் என்றாள்.

"பொனோலோ கூப்பிடறா. சின்னவனுக்கு அம்மை. பத்து நாள் இருந்துட்டு வரேன்."

"பத்து நாளா?"

"வெள்ளிதான் சூரியனுக்குள்ள போயிடுச்சே. திரும்பக் கிழக்கால வரவரைக்கும் பாக்க என்ன இருக்கு?"

"புதன் இருக்கே. இந்த ஆகஸ்ட்ல நல்லா மேல ஏறும்னு நீதானே படிச்சே."

"புதனை நீங்க பாத்துக்கோங்க" என்றாள். "உங்க கண்ணு போதும்."

அந்தப் பத்து நாளும் காற்று. ஆகஸ்ட் மாதக் காற்று உப்புவெளியைக் கிளப்பி ஊருக்குள் கொண்டுவந்து கொட்டும். பல்லில் உப்பு கரகரக்கும், கூழில் உப்புப் போட வேண்டியதில்லை. அந்தியில் காற்று கொஞ்சம் அடங்கும்போது முக்காலியை எடுத்துப் போட்டு மேற்குப் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளி இல்லாத மேற்கு. புதன் அங்கே இருந்தது, எனக்குத் தெரியும். வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் அது எங்கள் பக்கத்து மாலை வானத்தில் பயப்படாமல் மேலேறி நிற்கும். மற்ற மாதங்களில் அடிவானத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். கெரெங் இருந்தபோது, பார்த்த முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சுவரில் கரியால் எழுதுவார்.

நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணின் ஓரத்தில் ஏதோ ஒரு பொட்டு. சோளக் குருணை அளவு. அதுதானா? கண்டதும் தலை தானாகத் திரும்பியது, அது போய்விட்டது. மறுபடி தொட்டியைப் பார்த்தேன். மறுபடி வந்தது. இப்படியே இருட்டும்வரை. யாராவது என்னைப் பார்த்திருந்தால், கிழவி தொட்டியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று காவல் காக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"அண்ணி, புதன் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. லேசா செவப்பா. நீ பாத்தியா?"

"இங்க எங்க பாக்கறது? எதிர்ல ரெண்டு மாடி வீடு. தெரு விளக்கு வேற. பொனோலோ சமையக்கட்டு ஜன்னலைத் தெறந்தா அடுத்த வீட்டுக்காரன் சட்டை காயுது, அவ்வளவுதான் வானம்."

"சின்னவனுக்கு எப்படி இருக்கு?"

"தேவல. சொறியாதேன்னா கேக்க மாட்டேங்கறான். நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பாடு?"

ஒற்றை ஆளுக்கு அடுப்பு மூட்டுவதை நிறுத்தி மூன்று நாளாகியிருந்தது. புளித்த பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

"கூழுதான், வேற என்ன."

"சரி அண்ணி."

"எப்ப வரே?"

"வரேன்" என்றாள். நாள் சொல்லவில்லை.

பத்து நாள் பதினெட்டு நாளாயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு விடியற்காலை, ஐந்து மணி இருக்கும், கதவைத் தட்டினாள்.

"அண்ணி! முழிச்சிருக்கீங்களா? வெள்ளி ஏறியாச்சு."

"எப்ப வந்தே நீ?"

"நேத்து சாயந்தரம். எழுந்திருங்க, போர்வையைப் போத்திக்கோங்க, வெளிய ஊசியா குத்துது."

நேற்று மாலையே வந்திருக்கிறாள். இருநூறு அடி தூரம். என் வீட்டுக்கு வரவில்லை.

தொலைநோக்கிக் குழலை அவள் தூக்கினாள், பெட்டியை நான் இழுத்தேன். விடியலுக்கு வீட்டின் பின்பக்கம் போக வேண்டும். ஆட்டுப் பட்டியை ஒட்டி மோபானே மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதில்தான் கிழக்கு தெரியும். அவள் குழலைத் திருப்பி, குனிந்து, நெடுநேரம் பார்த்தாள். ஆடுகள் தும்மின. அவள் பென்சில் அட்டையில் ஓடும் சத்தம் கேட்டது. அட்டையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கினாள்.

நான் கண்ணை வைத்தேன். மோரில் கரைத்த வெளிச்சம்.

பென்சிலை எடுத்தேன். இந்தப் பக்கக் கீற்று, மாலைக் கீற்றுக்கு மறுபக்கம் திரும்பியிருக்கும். கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம். பதினெட்டு நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. வரைந்தால் அவள் நாளைக்கு வருவாள், நாளை மறுநாள் வருவாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும், நேற்று மாலை மாதிரி வராதவளாகத்தான் இருப்பாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளிலும் நான் இப்படித்தானே இருந்தேன், புதன் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு.

பென்சிலை வைத்துவிட்டு அட்டையைக் கவிழ்த்தேன்.

அவள் இரண்டையும் திருப்பினாள்.

"இதுல வட்டம் மட்டுந்தான் இருக்கு."

"ஆமா."

"வரைய மறந்துட்டீங்களா?"

"பாத்ததைத்தானே வரையணும்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலி ஒருமுறை முனகியது.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"போன அக்டோபருக்கு முந்தின அக்டோபர்."

"மூணு பாதி."

"மூணு."

"ரெண்டு மாலை, ஒரு விடியல். மூணும் அச்சுல இருந்த தேதி." விரல்விட்டு எண்ணுகிற குரல். "ரெண்டாவது பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, இல்ல?"

"தெரியாது."

அவள் சொன்னாள். தாள் அவளிடம் இல்லை, என் தலையணைக்கு அடியில் இருந்தது. ஆனால் வரி தவறாமல் சொன்னாள்: "'முப்பது வருடத்தில் நூற்றுப் பதினான்கு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கண்ணாவது கணக்கோடு ஒத்துப்போனதில்லை. என் கண் உட்பட. திருமதி செகமெட்சியின் கண் தொடர்ந்து மூன்று முறை ஒத்துப்போயிருக்கிறது. அவர் மிக நல்ல பார்வையாளராக இருந்தவர். ஆகவே கேட்கத் தயங்குகிறேன். அவர் வெள்ளியைத்தான் பார்க்கிறாரா?'"

"அப்படியா எழுதிருக்காரு?"

"அப்படித்தான்."

"'இருந்தவர்'னா எழுதிருக்காரு?"

"அதைத்தான் புடிச்சுக்கிட்டீங்களா?" என்றாள். சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு. "ஏமாத்தறதைக்கூட ஒழுங்கா ஏமாத்தத் தெரியலையே உங்களுக்கு! எட்டு வருஷத்துக்கு ஒருதரம் வெள்ளி கிட்டத்தட்ட அதே நாளுக்கு அதே எடத்துக்கு வந்து நிக்குது. உங்க பழைய நோட்டைத் தெறந்து, அதுல இருக்கற நாளைப் பாத்து வரைஞ்சிருந்தா அண்ணனே குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்தாலும் கண்டுபுடிச்சிருக்க முடியாது!"

"நாளைத் தள்ளிப் போட்டு பிசகையும் இட்டுக்கட்ட மனசு வரல. நோட்டைப் படிக்க முடிஞ்சா நான் ஏன்டி ஏமாத்தப்போறேன்?"

"அப்ப ஜூன் நாலுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நீதானே ஜனவரியில சத்தமா படிச்சே. நான் காலண்டர்ல குறிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டு பேர் சிரிப்பும் கொஞ்ச தூரம் சேர்ந்து போயிற்று. அப்புறம் அவளுடையது நின்றுவிட்டது. நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. நிறுத்தினேன்.

"மூணையும் அடிச்சுடறேன்னு எழுதிருக்காரு அண்ணி."

"அடிக்கட்டும். பொய்தானே."

"உங்களோடது பொய். என்னோடது?"

என் வெற்று அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு அட்டையும் சேந்துதானே ஒரு நாள்? ஒண்ணு அழுகினா ரெண்டும் போச்சு. அந்த விடியல் பாதி ஞாபகம் இருக்கா? அப்ப எனக்கு முழங்கால் வீங்கியிருந்துச்சு. குச்சியை ஊணிக்கிட்டு நாலரை மணிக்கு வந்தேன், பன்னெண்டு நாள். நேரா இருக்கா, இல்லையா, நேரா இருக்கான்னு கண்ணுல தண்ணி வரவரைக்கும் பாத்தேன். நான் பாத்தது நெஜம் அண்ணி. அது நெஜம்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பக்கத்துல உக்காந்து தீப்பெட்டியை வச்சு இழுத்தீங்களா?"

தீப்பெட்டியைக்கூடப் பார்த்திருக்கிறாள்.

"சொல்லிருக்கலாமே" என்றாள், இப்போது மெதுவாக. "ஒரு வார்த்தை."

"சொன்னா நீ பிரான்சிஸ்டவுனுக்குப் போயிடுவே."

"இப்ப மட்டும்?"

பட்டிக்குள் ஒரு குட்டி தாயைத் தேடிக் கத்தியது. கிழக்கு வெளுத்துக்கொண்டு வருவது என் கண்ணின் ஓரங்களுக்குக்கூடத் தெரிந்தது.

"போறியா?"

"பொனோலோ மத்தியானம் வண்டி அனுப்பறா. சாமான் கொஞ்சந்தான். நேத்து ராத்திரியே கட்டி வச்சுட்டேன்."

"எப்பச் சொன்னே அவகிட்ட?"

"நீங்க 'நாய் பாவம்'னு சொன்னீங்களே, அன்னிக்கே."

பிறகு அவள் எழுந்து, தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றும் சத்தம் கேட்டது. எப்போதும்போலப் பொறுமையாக, மூலைகளை உள்ளே மடித்துச் சுற்றினாள்.

"இதைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுங்க. பிள்ளைங்க பாப்பாங்க."

"சரி."

"ஸ்டேன்கம்ப்புக்கு நான் எழுதிடறேன். கண்ணு சரியில்லாம போச்சுன்னு மட்டும் எழுதறேன். மத்ததெல்லாம் வேணாம்."

"எல்லாத்தையும் எழுது."

"எழுத மாட்டேன்" என்றாள். "அண்ணன் பேரு இருக்கு."

சூரியன் வரப்போகிறது. வெள்ளி இப்போது வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துகொண்டிருக்கும், அவளுக்கும் தெரியாமல். அவள் போர்வையின் கீழ்க்கரை திரும்பியது. செருப்பு படலின் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. நான் என்ன சொல்லலாம் என்று தேடினேன். நவம்பரில் புதன் திரும்ப மாலைக்கு வரும் என்று சொல்லலாம். கெரெங் தொடங்கியது நின்றுவிடுமே என்று சொல்லலாம். இத்தனை வருடமும் இவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இவற்றை எடுத்துவிட்டால் என் கையில் வேறு வார்த்தை இருந்ததில்லை.

செருப்புச் சத்தம் படலண்டை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கிறாளா, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளா, தெரியவில்லை. அவள் நிற்கிற இடத்தை நேராகப் பார்த்தேன். சாம்பல்.

"வெள்ளி கெடக்கட்டும் ஒலெபிலே. நீ இரேன்."